கறிக்கடை ரத்தமும் கண்ட்ரோல் ட்யூபும்

மாதேசண்ணா, நான் எழுதறேன்டா. நீ இருந்திருந்தா எழுத வுட்டிருக்க மாட்ட. "ஒம்பதாவதோட நின்ன கழுத, நீ பேனா புடிச்சா பேனாவுக்கே அசிங்கம்"னு சொல்லிருப்ப. நீ மட்டும் என்ன கலெக்டருக்கா படிச்ச, பத்தாவதுல கணக்குல கோட்ட வுட்டவன்தான.

எழுதச் சொன்னது ரேணுகா மேடம். எங்க லேப்ல புதுசா கொஞ்சம் பேரு வேலைக்கு சேரப் போறாங்க. ட்யூப் கழுவறவங்க, வண்டி ஓட்டறவங்க, சாம்பிள் தூக்கறவங்க. "அவங்களுக்கு நான் சொன்னா தூங்கிடுவாங்க சங்கீதா, நீ பேசற மாதிரியே எழுதிக் குடு"ன்னாங்க. அதான் பேசற மாதிரியே எழுதறேன். தப்பிருந்தா மேடத்த கேளுங்க.

எங்க லேப்பு தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போற ரோட்டுல இருக்குது. மருந்து கம்பெனி. வெளிய பாத்தா கோழிப்பண்ண மாதிரி இருக்கும், உள்ள ஏசி. நான் அங்க கண்ணாடி சாமான் கழுவறவ. எங்கண்ணன் மாதேசு வண்டி டிரைவரு. அவன்தான் என்ன அங்க சேத்து வுட்டான். இப்ப அவன் இல்ல. எப்புடி இல்லாம போனான்னு கடைசியில சொல்றேன். மொதல்ல அவன் பண்ண கூத்தெல்லாம் சொல்லிக்கறேன், அவனுக்கும் அதான் புடிக்கும்.

1. மொத நாளு

வேலைக்கு சேந்த மொத ஞாயித்துக்கிழம. லீவுன்னு நெனச்சு தலைக்கு எண்ண வெச்சிட்டு உக்காந்திருந்தேன். அண்ணன் வந்து, "கெளம்பு, கறிக்கடைக்குப் போவணும்"னான். எனக்கு சந்தோசம். கம்பெனியில கறி எடுத்துக் குடுப்பாங்க போலன்னு நெனச்சேன்.

வண்டியில பாத்தா ஐஸ் பொட்டி, கேனு, அந்தக் கேனுக்குள்ள தண்ணி மாதிரி கொஞ்சம் மருந்து.

"இது என்னாண்ணா?"

"சிட்ரேட்டு. இதுல புடிச்சா ரத்தம் உறையாது."

"எந்த ரத்தம்?"

"உன் ரத்தம்தான். புது ஆளுங்ககிட்ட மொத மாசம் ஒரு கேனு எடுத்துக்குவாங்க. சேரும்போது கையெழுத்து போட்டியே, படிச்சுப் பாக்கலியா?"

நான் வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிட்டேன். எண்ணத் தலையோட ரோட்டுல திரும்பி நடக்கறேன். அவன் பின்னாடியே வண்டிய ரிவர்ஸ்ல ஓட்டிக்கினு, ஜன்னல்ல தலைய நீட்டி, "ஏ புள்ள, ஆட்டு ரத்தம்டி, ஆட்டு ரத்தம்"னு கத்தறான். ரோட்டுல போன டவுன் பஸ்ஸே நின்னு வேடிக்க பாத்துச்சு.

கடை பாப்பாரப்பட்டியில முனுசாமி அண்ணன் கடை. அவரு சம்சாரம் கோவிந்தம்மாக்கா கல்லாவுல இருக்கும், ரத்தம் வியாபாரமும் அதுதான் பாக்கும். எங்கூர்ல ஆட்டு ரத்தத்த வுட மாட்டாங்க. வெங்காயம், மொளகா போட்டு பொரியல் பண்ணுவாங்க. அதுக்கு ரத்தம் நல்லா கட்டியா உறைஞ்சிருக்கணும். எங்களுக்கோ உறையவே கூடாது. அதனால கடையில எங்களுக்கும் பொரியல்காரங்களுக்கும் எப்பவும் சண்டதான்.

அன்னைக்கு தூக்குப்போசியோட நின்ன ஒரு பெரியவரு கேட்டாரு. "ஏம்மா, கேனு கேனா எடுத்துக்கினு போறீங்களே, எத்தன பேரு தின்றீங்க?"

"திங்கறதுக்கு இல்லீங்க தாத்தா, மருந்து டெஸ்ட் பண்ண"ன்னேன்.

"ரத்தத்துல என்னா மருந்து?"

எனக்கு சொல்லத் தெரியல. அண்ணன் சொன்னான், "உறையாம இருக்க வெக்கற மருந்துங்க."

"உறையாட்டி பொரியல் எப்புடிடா ஆவும்?"

"ஆவாதுங்க."

"அப்பறம் அது என்னா மருந்து"ன்னு பெரியவரு மூஞ்சத் திருப்பிக்கினாரு. வண்டியில வரும்போது அண்ணன் அதயே சொல்லிச் சொல்லி சிரிச்சான்.

முனுசாமி அண்ணன் நல்ல மனுசன். கழுத்தறுத்த உடனே ரத்தத்த நேரா எங்க கேனுல புடிச்சுக் குடுப்பாரு. மேடம் அவர நேர்ல போயி பாத்து சொல்லிக் குடுத்திருந்தாங்க. கேன குலுக்கக் கூடாது, மெதுவா கவுத்துக் கவுத்து நிமுத்தணும். அவரு கொழந்தைய தாலாட்டற மாதிரி ஆட்டித் தருவாரு. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

2. நெஞ்சுக்குள்ள கடியாரம்

எங்கண்ணனுக்கு சின்ன வயசுலயே ஜொரம் வந்து இதயத்துல வால்வு கெட்டுப்போச்சு. மெட்ராஸ்ல ஆபரேசன் பண்ணி இரும்பு மாதிரி ஒரு வால்வு வெச்சாங்க. அது சத்தம் போடும். டிக், டிக், டிக். அமைதியான எடத்துல பக்கத்துல நின்னா நல்லாவே கேக்கும். எங்க வூட்ல கடியாரம் நின்னுபோனாலும் யாரும் கவனிக்க மாட்டோம், அவன் சத்தம் இருக்கறதால.

அத வெச்சு அவன் பண்ணாத அக்குறும்பு இல்ல. லேப்புக்கு புதுசா யாராச்சும் வந்தா, பக்கத்துல போயி சும்மா நிப்பான். அவங்க சுத்திச் சுத்தி பாப்பாங்க, "எங்கயோ கடியாரம் ஓடுதே"ன்னு. இவன் சட்டப்பையத் தொட்டுக் காட்டி, "பேட்டரி கொறஞ்சுபோச்சுங்க, சாயங்காலம் மாத்தணும்"பான். ஒரு பொண்ணு அழுதே போச்சு.

பிரதீப் சாருன்னு ஒருத்தரு இருந்தாரு, மேடத்துக்குக் கீழ வேல பாக்கற சின்ன சாரு. நல்லா படிச்சவரு, பொருள எங்க வெச்சோம்னு மட்டும் மறந்துபோவாரு. ஒரு நாளு ஸ்டாப்வாட்ச் காணோம்னு லேப்பையே கவுத்துப் போட்டுத் தேடறாரு. அண்ணன் போயி நெஞ்ச நிமுத்திக்கினு நின்னான். "என்ன எண்ணிக்கோங்க சார். ஆனா என்ன சிரிக்க வெக்காதீங்க, வேகமா ஓடிடும்." ஸ்டாப்வாட்ச் பிரதீப் சாரு கழுத்துலயே தொங்கிக்கினு இருந்துச்சு.

சிரிப்பெல்லாம் சரி. அந்த வால்வுல ரத்தம் ஒட்டிக் கட்டிடக் கூடாது, அதுக்கு தெனமும் அவன் மாத்திர போடணும். மாத்திர கொறஞ்சா ரத்தம் கட்டிடும், கூடிப்போனா எங்க இடிச்சாலும் ரத்தம் நிக்காது. மாசாமாசம் தர்மபுரி போயி ரத்தம் குடுத்து பாத்துட்டு வருவான். ஷேவிங் பண்ணா மூஞ்சி பூரா பேப்பர் துண்டு ஒட்டிக்கினு நிப்பான். கீரையும் இஷ்டத்துக்கு திங்கக் கூடாது, அது மாத்திரைய அமுக்கிடுமாம். "ஊர்ல இருக்கற டாக்டருங்க எல்லாரும் எல்லாரையும் கீர தின்னு கீர தின்னுன்றாங்க. என்ன மட்டும் வேணான்றாங்க, நான் என்னா பாவம் பண்ணேன்"பான். களிக்கு கீரக் கடைசல் இல்லாம வெறும் கொழம்ப ஊத்திக்கினு, எங்க தட்டையே பாத்துக்கினு இருப்பான். எங்கம்மா அதனாலயே அவன் சாப்புட்டு எந்திரிச்ச பொறவுதான் கீரச் சட்டியத் தெறக்கும்.

அவன் அந்த லேப்புக்கு ஏன் சேந்தான்னு இப்ப புரிஞ்சிருக்கும். தக்காளி லோடு வண்டி ஓட்டிக்கினு இருந்தவன். ரத்தம் கட்டாம இருக்க புது மருந்து கண்டுபுடிக்கறாங்கன்னு கேட்டுட்டுதான் வந்தான். மொத நாளே மேடத்துகிட்ட கேட்டுட்டான். "மொத ஊசி எனக்குப் போடுவீங்களா?"

மேடம் சிரிச்சுட்டு, "மனுசனுக்குப் போட இன்னும் எத்தனையோ வருசம் ஆவும் மாதேசு"ன்னாங்க.

"பரவால்லீங்க, நான் வரிசையில நிக்கறேன்."

3. பந்தல்காரன்

அந்த மருந்து என்னான்னு மேடம் எனக்கு மூணு வாட்டி சொன்னாங்க, புரியல. அண்ணன் ஒரே வாட்டி சொன்னான், புரிஞ்சுபோச்சு. அவன் சொன்னத அப்புடியே எழுதறேன், மேடமும் "கிட்டத்தட்ட சரிதான்"னுட்டாங்க.

நம்ம ரத்தத்துல த்ராம்பின்னு ஒரு என்சைம் இருக்குது. அது ஒரு பந்தல்காரன் மாதிரி. கையில அடிபட்டா ஓடியாந்து பந்தல் கட்டுவான். நூலு நூலா இழுத்துக் கட்டுவான், அதுதான் ரத்தம் உறையறது. ஆனா அவனுக்கு இன்னொரு கொணம் இருக்குது. அடிபடாத எடத்துக்கு, நல்லா இருக்கற ரத்தக்கொழா சுவத்துக்கு வந்தான்னு வை, அங்க ஒருத்தன் அவன் தோள்ல கைய போட்டுடுவான். உடனே பந்தல்காரன் பிளேட்ட மாத்திடுவான். "போதும்டா, நிறுத்துங்கடா"ன்னு கத்துவான். அந்தச் சத்தத்துக்கு தூங்கிக்கினு இருக்கற சில பேரு எந்திரிப்பாங்க. அவங்க பேரு புரோட்டீன் சி. எந்திரிச்சு, கட்டறவங்களுக்கு எடுபுடி வேல செய்றவங்கள எல்லாம் வெட்டி வுட்டுடுவாங்க. பந்தல் வேல நின்னுபோவும்.

ஆக, கட்டறதும் அவனேதான், நிறுத்தச் சொல்றதும் அவனேதான்.

எங்க லேப்ல என்னா பண்ணியிருக்காங்கன்னா, அந்தப் பந்தல்காரன அங்கங்க மாத்தி புதுசா ஒருத்தன செஞ்சிருக்காங்க. இவனுக்கு கட்டற கை கெடையாது. கத்தற வாயி மட்டும்தான். ரத்தத்துல வுட்டா ஒண்ணும் கட்ட மாட்டான், "நிறுத்துங்கடா"ன்னு மட்டும் கத்திக்கினு போவான். நம்ம ஒடம்புல இருக்கறவங்களே எந்திரிச்சு வேலையப் பாத்துக்குவாங்க. வெளியிலிருந்து ஆளு எறக்க வேணாம்.

"அதனால ரத்தம் ஒரேயடியா தண்ணியா போவாதாம். அடிபட்டா நிக்குமாம். ஷேவிங் பண்ணலாம், கீர திங்கலாம்"னான்.

"வேல செய்யாம கத்திக்கினு மட்டும் இருக்கறதுன்னா, அது நீதானண்ணா"ன்னேன். ஸ்டியரிங்க வுட்டுட்டு கொட்டு வெச்சான்.

4. லட்டு குடுத்த நாளு

லேப்ல டெஸ்ட் எப்புடின்னா, ரத்தத்த மெஷின்ல சுத்துனா மேல மஞ்சத் தண்ணி நிக்கும், அது பிளாஸ்மா. அத ட்யூப்ல ஊத்தி, ஒடம்பு சூட்டுல இருக்கற தண்ணித் தொட்டியில வெச்சு, கால்சியம் வுடணும். வுட்டா உறையும். ட்யூப்ப சாச்சா தயிரு மாதிரி நகராம நிக்கும். ஒரு ட்யூப்ல நம்ம மருந்து இருக்கும். இன்னொண்ணுல மருந்து இருக்காது, அதுக்குப் பேரு கண்ட்ரோல். ரெண்டையும் சாச்சுச் சாச்சு பாத்து, எது எப்ப உறையுதுன்னு எழுதிக்குவாங்க. அது வரைக்கும் ரெண்டுமே கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் உறைஞ்சிக்கினு இருந்துச்சு. புதுப் பந்தல்காரன் சரியா கத்தல. பெங்களூர்ல இருக்கற எம்.டி. சாருக்கு பொறும போயிக்கினு இருந்துச்சு. ஆவலன்னா இந்த வேலையையே மூடிடுவாங்கன்னு பேச்சு.

ஆவணி மாசம். மேடம் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டாங்க. பிரதீப் சாரு, புதுசா மாத்திச் செஞ்ச மருந்த எடுத்து தனியா டெஸ்ட் வெச்சாரு. நாங்க எடுத்தாந்த புது ரத்தம் அன்னைக்குக் கொஞ்சமாத்தான் இருந்துச்சு. கண்ட்ரோல் ட்யூப் உறைஞ்சிடுச்சு. மருந்து ட்யூப்ப சாச்சாரு, தண்ணி மாதிரி ஓடுது. டீ குடிச்சுட்டு வந்து சாச்சாரு, ஓடுது. சாப்புட்டுட்டு வந்து சாச்சாரு, அப்பவும் ஓடுது.

பிரதீப் சாரு எம்.டி.க்கு வீடியோ கால் போட்டு ட்யூப்ப ஆட்டிக் காட்டறாரு. எம்.டி. "சன்னாகிதே, சன்னாகிதே, ரொம்ப சன்னாகிதே"ன்றாரு, கன்னடத்துல நல்லா இருக்குதுன்னு அர்த்தம். அடுத்த மாசம் பெரிய ஆளுங்கள கூட்டியாறேன்னாரு. அண்ணன் ஓடிப்போயி லட்டு வாங்கியாந்தான். ஏசி மெக்கானிக்குக்கும் குடுத்தான், வாட்ச்மேனுக்கும் குடுத்தான், எதுக்குன்னு தெரியாமயே எல்லாரும் தின்னாங்க.

வூட்டுக்குப் போனதும் மாத்திர அட்டைய எடுத்து கண்ணு முன்னால தூக்கிப் புடிச்சு, "இன்னும் கொஞ்ச நாளுதான்டா உன் ஆட்டம்"னான். சொல்லிட்டு, அன்னைக்கு மாத்திரைய போட்டுக்கினான். வாயி மட்டும்தான் அவனுக்கு, மாத்திர விசயத்துல ஒரு நாளும் ஏமாத்த மாட்டான். எங்கம்மாவுக்கு அதெல்லாம் தெரியல. அது போயி முருங்கக்கீர பறிச்சாந்து, கடைஞ்சு, அவன் தட்டுலயே வெச்சிருச்சு.

"இன்னும் இல்லம்மா. மொதல்ல ஆட்டுக்கு, பொறவு எலிக்கு, பொறவுதான் எனக்கு."

"எலிக்கு எதுக்குடா குடுக்கறாங்க, மொதல்ல என் புள்ளைக்குக் குடுக்கச் சொல்லு"ன்னு அம்மா அழுவுது. இவன் கீரைய வெரல்ல தொட்டு நக்கிட்டு தட்ட எங்கிட்ட தள்ளி வுட்டான்.

மறுநாளு லேப்லிருந்து மேடத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல சொன்னோம். மேடம் சிரிக்கல. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "பிரதீப், கண்ட்ரோலும் டெஸ்ட்டும் ஒரே பிளாஸ்மாவா?"

பிரதீப் சாரு மூஞ்சி மாறிப்போச்சு. "இல்ல மேடம். புதுசு கொஞ்சமா இருந்துச்சு. கண்ட்ரோலுக்கு ஃப்ரீசர்ல இருந்த பழச எடுத்துக்கினேன்."

"புதுசு மிச்சம் இருக்கா?"

"சந்தோசத்துல எல்லா ட்யூப்லயும் மருந்த ஊத்திட்டேன் மேடம்."

மேடம் சொன்னாங்க, "ஞாயித்துக்கிழம புது ரத்தம் வரட்டும், ஒரே ரத்தத்துல ரெண்டும் வெப்போம். மாதேசு, சங்கீதா, கத்தியிலிருந்து கேனு வரைக்கும் நடக்கறதெல்லாம் கூட நின்னு பாருங்க. எனக்கு வந்து சொல்லுங்க."

5. நாயி

அந்த ஞாயித்துக்கிழம கடையில ஏகப்பட்ட கூட்டம். முனுசாமி அண்ணனுக்கு நிமிரவே நேரம் இல்ல. எங்கள பாத்ததும் கோவிந்தம்மாக்கா சொல்லுச்சு, "நீங்க உக்காருங்க சாமி, போன வாரம் மாதிரி நானே புடிச்சுத் தர்றேன். இவருக்கு கை ஒழியாது."

போன வாரமும் கூட்டம். நாங்க வண்டியிலயே உக்காந்திருந்தோம், அக்காதான் கேன கொண்டாந்து குடுத்துச்சு. அது ஞாபகம் வந்ததும் நாங்க ரெண்டு பேரும் எந்திரிச்சு கிட்டப் போயி நின்னோம்.

அக்கா ரத்தத்த எங்க கேனுல புடிக்கல. அதோட குண்டாவுல புடிச்சுது. புடிச்சதும் கைய வுட்டு கலக்குது, கலக்குது, அப்புடி கலக்குது. கொஞ்ச நேரத்துல வெரலு பூரா வெள்ளையா நாரு நாரா சுத்திக்கினு வருது. அத உருவி அந்தாண்ட வீசுச்சு. அங்க ஒரு நாயி தயாரா நிக்குது. லபக்குனு புடிச்சு மென்னுது. அப்பறம் அக்கா ரத்தத்த எங்க கேனுல ஊத்தி மூடி, "இந்தாங்க, இனி ஜென்மத்துக்கும் உறையாது"ன்னு நீட்டுச்சு.

அந்த நார எனக்குத் தெரியும். உறைஞ்ச ட்யூப் கழுவும்போது அடியில வெள்ளையா ஒட்டிக்கினு, பிரஷ்ஷுக்கே வராம உயிர வாங்கறது அதுதான். மேடம் சொல்லியிருக்காங்க, பந்தலுக்கு கட்டற நூலே அதுதான்னு.

"ஏங்க்கா இப்புடி பண்ணீங்க?"ன்னு அண்ணன் கேட்டான்.

"நீங்கதான உறையக் கூடாதுன்னீங்க. எங்கம்மா வூட்ல இப்புடிதான் நார எடுத்துட்டு, பொரியலு பூவாட்டம் உதிரியா பண்ணுவாங்க. பொரியலுக்குன்னா உப்பு போடுவேன், உங்களுக்குன்னு உப்பு கூட போடல"ன்னுச்சு அக்கா. மூஞ்சில அவ்ளோ பெரும.

நூலையே எடுத்துப்புட்டா எந்தப் பந்தல்காரன் வந்து பந்தல் கட்டுவான். நல்லவன் வந்தாலும் கட்ட முடியாது, கெட்டவன் வந்தாலும் கட்ட முடியாது. போன வாரம் நாங்க லட்டு தின்னது மருந்துக்கு இல்ல. கோவிந்தம்மாக்கா கைக்கு. எங்க கம்பெனி மருந்த வெல்ல வெச்சது அந்த நாயோட டிபனு.

இருந்த கூட்டத்துல, முனுசாமி அண்ணன் கையால இன்னொரு கேனு முறையா புடிச்சுக்கினு வண்டி ஏறுனோம். அண்ணன் வண்டிய எடுக்கல. டிக் டிக்னு அது மட்டும் கேக்குது.

எனக்கு கீரத் தட்டுதான் ஞாபகம் வந்துச்சு. "அண்ணா, போன வாரம் இப்புடி ஆச்சுன்னு சொல்ல வேணாண்ணா. இந்த வாரம் நல்ல ரத்தம் குடுத்துடலாம். போன வாரம் வேல செஞ்சது செஞ்சதாவே இருக்கட்டும். எம்.டி. ஆளுங்கள கூட்டியாறேன்னிருக்காரு. மூடிட்டாங்கன்னா உன் ஊசி?"

அவன் என்ன திரும்பிப் பாத்தான். "ஏ லூசு. நாளைக்கு அந்த ஊசிய எனக்குப் போட்டாங்கன்னு வை. கூடவே கோவிந்தம்மாக்காவும் வந்து என் நெஞ்சுக்குள்ள கைய வுட்டு கலக்குமா?"

நான் அழுதுக்கினே சிரிச்சுட்டேன். அவன் வண்டிய எடுத்தான்.

6. கண்ட்ரோல்

மேடத்துகிட்ட அவனே நடிச்சுக் காட்டுனான். அக்கா மாதிரி இடுப்புல சேலைய சொருகி, குண்டாவுல கைய வுட்டு கலக்கி, அப்பறம் நாயி மாதிரி லபக்குனு புடிச்சு மென்னு. மேடம் அன்னைக்கு கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, "உங்களுக்கு இது ஆவணும்னு எவ்ளோ ஆச இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும் மாதேசு. நீங்களே வந்து சொன்னீங்க பாருங்க"ன்னாங்க. எம்.டி.க்கு அவங்களே போன் பண்ணி சொன்னாங்க. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சன்னாகிதே வரல. பிரதீப் சாரு அந்த வாரம் பூரா யாரு மூஞ்சையும் பாக்கல. அண்ணன்தான் போயி, "வுடுங்க சார், லட்டு நல்லாத்தான இருந்துச்சு"ன்னு டீ வாங்கிக் குடுத்தான்.

அப்பறம் முறையா டெஸ்ட் வெச்சாங்க. ஒரே ரத்தம், ஒரே தொட்டி. ஒண்ணுல மருந்து, ஒண்ணுல இல்ல. நாங்க கதவாண்ட நின்னோம்.

கண்ட்ரோல் ட்யூப் உறைஞ்சிடுச்சு. மேடம் மருந்து ட்யூப்ப சாச்சாங்க. ஓடுச்சு. மறுபடி சாச்சாங்க. ஓடுச்சு. நான் மனசுக்குள்ள லட்டு வரைக்கும் போயிட்டேன். அப்பறம் சாச்சாங்க, நின்னுபோச்சு. உறைஞ்சிடுச்சு. கண்ட்ரோல விட கொஞ்சம் தாமசம், அவ்ளோதான். வாட்ச்மேன் ஒரு டீ குடிச்சு முடிக்கற நேரம்.

எனக்கு அழுகையா வந்துச்சு. பாத்தா மேடம் சிரிக்கறாங்க. "இது நெசம்"னாங்க. "கொஞ்சம்தான், ஆனா நெசம். கத்த ஆரம்பிச்சுட்டான்." இன்னொரு வாட்டி வெச்சாங்க, அதே மாதிரி. மறுநாளும் அதே மாதிரி. எம்.டி.யும் வேலைய மூடல.

அண்ணன் அன்னைக்கு லட்டு வாங்கல. ஒரு கடல உருண்ட வாங்கியாந்து, ஓடச்சு எல்லாருக்கும் துளித் துளி குடுத்தான். "எவ்ளோ வேல செஞ்சுதோ அவ்ளோதான் ஸ்வீட்டு"ன்னான்.

அன்னைக்குதான் மேடம் அவன உக்கார வெச்சு அதச் சொன்னாங்க. "மாதேசு, ஒண்ணு உங்ககிட்ட மறைக்கக் கூடாது. நீங்க போடற மாத்திர, கட்டறவங்கள மட்டும் கொறைக்கல, அந்த புரோட்டீன் சியையும் சேத்துக் கொறைக்குது. உங்க ரத்தத்துல எழுப்பறதுக்கு ஆளே கம்மி. அதுவும் இல்லாம இரும்பு வால்வுக்கு இது ஒத்துவரும்னு யாரும் சொல்ல முடியாது. இந்த மருந்து வந்தாலும் கால்ல, மூளையில ரத்தம் கட்டுன வேற ஆளுங்களுக்காத்தான் இருக்கும். உங்களுக்கு இல்ல."

நான் அவன் மூஞ்சையே பாத்துக்கினு இருந்தேன். அவன் மேடத்த பாத்து கேட்டான்.

"அப்ப நான் இவ்ளோ நாளா ஓசியிலயா ரத்தம் தூக்குனேன்?"

கேட்டுட்டு அவனே சிரிச்சான்.

"வரிசையில நின்னுட்டனுங்க மேடம். பாதியில வெளிய வந்தா பின்னாடி நிக்கறவன் சிரிப்பான். நின்னுட்டே இருக்கறேன்"னுட்டு, சாவிய எடுத்துக்கினு சாம்பிள் எடுக்கப் போயிட்டான். வூட்ல அம்மாகிட்ட மட்டும் "இன்னும் எலிகிட்டயே வரல"ன்னு சொல்லிவுட்டான். அதுல பொய்யும் இல்ல.

7. தொப்பூர்

இத சுருக்கமா சொல்லிடறேன்.

அவன் மாத்திரைய வுட்டுட்டான்னு யாரும் சொல்லக் கூடாது, அவன் வுடல. ஜொரமும் வாந்தியுமா ஒரு வாரம் படுத்தான், போட்ட மாத்திர வயித்துல நிக்கல. மூச்சு வாங்குச்சு. வால்வுல கட்டிக்கிச்சுன்னு சொல்லி சேலத்துக்கு தூக்கிக்கினு போவச் சொன்னாங்க. ஆம்புலன்ஸ்ல நான் தலமாட்டுல உக்காந்திருந்தேன். பழைய டிக் டிக் இல்ல, துணி சுத்தி வெச்ச கடியாரம் மாதிரி அமுங்கிக் கேட்டுச்சு.

சேலம் போற வழியில தொப்பூர் மல எறக்கத்துல வண்டி வேகமா போவுது. அவன் கண்ணத் தெறந்து, "டிரைவர மெதுவா போவச் சொல்லு. வண்டியில சாம்பிள் இருக்குது, குலுங்கக் கூடாது"ன்னான். சாம்பிளுன்னு அவனையேதான் சொன்னான். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நான் சிரிக்கறத அவன் பாத்தான். அதுக்கு மேல அவன் எதுவும் பேசல.

இப்ப லேப்புக்கு ரத்தம் எடுக்க வேற டிரைவரு வர்றாரு. கோவிந்தம்மாக்கா இப்பல்லாம் குண்டாவ எடுக்கறதில்ல, கேனுலயே புடிச்சு தாலாட்டித் தருது. அவன் போனத கேட்டுட்டு கல்லாவ வுட்டு எறங்கி வந்து என் கையப் புடிச்சுக்கிச்சு. அந்த நாயி மட்டும் எங்க வண்டியப் பாத்தா இன்னும் வாலாட்டிக்கினு வருது, நாரு கெடைக்கும்னு. மருந்து ட்யூப் இப்ப கொஞ்சம் கொஞ்சமா இன்னும் தாமசமா உறையுது. இனிமேத்தான் எலி.

புதுசா சேர்ற தம்பிங்களா, தங்கச்சிங்களா. மேடம் உங்களுக்கு என்னென்னவோ சொல்லிக் குடுப்பாங்க, கத்துக்கோங்க. நான் கத்துக்கினது ஒண்ணுதான். நல்லது நடந்துச்சுன்னா குதிக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு கண்ட்ரோல் வெச்சுப் பாருங்க. அது இல்லாம தின்ற லட்டு நாயோட டிபனு. அத வெச்சுப் பாத்த பொறவு கடல உருண்டதான் மிஞ்சுதுன்னா, அதத் துளித் துளியா ஓடச்சு எல்லாருக்கும் குடுங்க. எங்கண்ணன் அதத்தான் பண்ணான். அது அவனுக்கு இல்லாத மருந்துன்னு தெரிஞ்ச பொறவும் ரத்தம் தூக்கிக்கினு வந்தான்.

வூடு இப்ப ரொம்ப அமைதியா இருக்குது. அம்மா கீர கடையறதே இல்ல. செவுத்துக் கடியாரத்துக்கு பேட்டரி வாங்கிப் போட்டேன், அந்தச் சத்தம் அது மாதிரி இல்ல.

நீங்க எந்தச் சாமிய கும்புட்டாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் மசூதிக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் சரி, எங்க மாதேசண்ணன் பேரச் சொல்லி ஒரு வாட்டி வேண்டிக்கோங்க. அங்க போயும் அவன் சும்மா இருக்க மாட்டான், யாரு பக்கத்துலயாச்சும் நின்னு பேட்டரி தீந்துபோச்சுன்னு பயமுறுத்திக்கினு இருப்பான். கோவப்படாம அவன நல்லபடியா வெச்சுக்கச் சொல்லி, எல்லாரும் வேண்டிக்கோங்க.